மூத்தோருக்கான தொழில்நுட்பத்தை ஆய்பவரின் தாக்கத்தை எதை வைத்து அளப்பது?

கேள்வி கேட்டவர் காரைக்குடிக்காரர். அவருடைய தங்கச்சிக்கு முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைக்கும்போல் இருக்கிறது. மூத்தோர் பராமரிப்பும், மனிதர்கள் கணினியையும் கருவிகளையும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கிற மனிதர்–கணினி ஊடாட்டமும் சேர்ந்த துறை. வழிகாட்டியாக வரப்போகிறவரின் கூகுள் ஸ்காலர் பக்கத்தில் மேற்கோள்கள் (மற்றவர்கள் தம் கட்டுரைகளில் அவருடைய கட்டுரைகளைக் குறிப்பிட்ட தடவைகள்) ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. "ஆனால் கானாடுகாத்தான் வீட்டில் தனியாக இருக்கும் எங்கள் அப்பத்தாவுக்கு, ஆபத்தில் உதவிக்கு அழைக்க வாங்கிக் கொடுத்த அவசர பட்டனும் கைக்கடிகாரமும் பீரோவுக்குள்தான் கிடக்கின்றன. இத்தனை ஆய்வு நடந்து யாருக்கு என்ன ஆயிற்று? அந்த எண்களை நம்பிச் சேரலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

அந்த எண்களுக்காகச் சேரவும் வேண்டாம், அவற்றைப் பார்த்து மிரண்டு விலகவும் வேண்டாம். பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வாளர்களின் மேற்கோள் கணக்குகளைத் தொகுத்துக் கொடுக்கிற வேலை என்னுடையது. நாள் முழுக்க அதிலேயே புழங்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஓர் ஆய்வாளரைப் பற்றி மற்ற ஆய்வாளர்கள் எவ்வளவு பேசியிருக்கிறார்கள் என்பதை மட்டுமே அது காட்டும். கானாடுகாத்தான் வரைக்கும் எது வந்து சேர்ந்தது என்பது அதில் தெரியாது.

எச்-இன்டெக்ஸ் என்ற மேற்கோள் அளவை 2005இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒருவரின் கட்டுரைகளில் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 தடவை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருக்கு எச்-இன்டெக்ஸ் 20. அவ்வளவுதான். வாழ்நாளில் ஒரே ஒரு கட்டுரை எழுதி, அது பத்தாயிரம் மேற்கோள் பெற்றாலும் எச்-இன்டெக்ஸ் 1தான். ஓய்வு பெற்று வீட்டில் இருந்தாலும் ஏறுமே தவிர இறங்காது. இதுபோக ஆண்டுதோறும் 'உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்' பட்டியல் வந்ததும் நம் ஊர்ப் பக்கச் செய்திகளில் சால்வை போர்த்திய படம் வரும். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் அயோனிடிஸ் குழு மேற்கோள்களை வைத்துத் தயாரிப்பது அது. அதில் வாழ்நாள் முழுமைக்கும் ஒரு பட்டியல், ஒற்றை ஆண்டுக்கு ஒரு பட்டியல் என இரண்டு உண்டு. எந்தப் பட்டியல் என்று செய்தியில் பெரும்பாலும் இருக்காது.

உங்கள் தங்கச்சி போகிற துறையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மருத்துவக்காரர்கள் இதழ்களில் எழுதுவார்கள். ஒரு கட்டுரைக்குப் பத்துப் பேர், பதினைந்து பேர் பெயர் இருக்கும். மனிதர்–கணினி ஊடாட்டக்காரர்களுக்கு மாநாட்டுக் கட்டுரைதான் பெரிய விஷயம். அவர்களுடைய சி.எச்.ஐ. மாநாட்டில் ஒரு கட்டுரை ஏற்கப்படுவது பல இதழ்களில் இடம் பிடிப்பதைவிடக் கடினம். ஆனால் மருத்துவர்கள் கட்டுரை தேடுகிற பப்மெட் தளத்தில் அந்தக் கட்டுரைகள் பெரும்பாலும் கண்ணில் படாது. நம் ஊர் நேர்காணல் குழுக்களில் 'மாநாட்டுக் கட்டுரைதானே' என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. இரண்டு துறைக்கும் நடுவில் நிற்கிறவருக்கு இரண்டு பக்கத்திலும் பாதி மதிப்புத்தான். அதனால் ஒரு முழு மருத்துவரின் எண்ணோடும் ஒரு முழுக் கணினிக்காரரின் எண்ணோடும் இவருடைய எண்ணை ஒப்பிடாதீர்கள்.

சரி, உண்மையான தாக்கம் எப்படி இருக்கும்? என் பார்வையில், ஆய்வாளரின் பெயர்கூடத் தெரியாதவர்கள் தினமும் அவருடைய வேலையைப் பயன்படுத்திக்கொண்டிருப்பார்கள். அந்த மாதிரி வேலை ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1963இல் சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், வயதானவர் ஒருவர் தானாகக் குளிக்கிறாரா, உடுத்துகிறாரா, கழிப்பறைக்குப் போய் வருகிறாரா, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுகிறாரா, சிறுநீர் மலத்தைக் கட்டுப்படுத்த முடிகிறதா, சாப்பிடுகிறாரா என்ற ஆறு விஷயங்களை வைத்து ஓர் அளவுகோல் செய்தார்கள். இன்றைக்கும் பல முதியோர் பிரிவுகளில் செவிலியர் கேட்பது இந்த ஆறையும்தான். 1969இல் ஃபிலடெல்ஃபியா முதியோர் மையத்தைச் சேர்ந்த பவல் லாட்டனும் எலைன் பிரோடியும் இதற்கு அடுத்த படியை வைத்தார்கள். கடைக்குப் போவது, சமைப்பது, வீட்டைப் பராமரிப்பது, துணி துவைப்பது, பயணம், மருந்து, பணம் என்று வருகிற அந்தப் பட்டியலில் முதல் இடம் தொலைபேசிக்கு. தானாக எண்ணைத் தேடிச் சுழற்றிப் பேசினால் உயர்ந்த நிலை. தெரிந்த சில எண்களை மட்டும் சுழற்றினால் அதற்கடுத்த நிலை. அழைப்பு வந்தால் எடுத்துப் பேச மட்டும் தெரிந்தால் அதற்கும் கீழே.

இப்போது உங்கள் அப்பத்தாவை அதில் வைத்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சிங்கப்பூர்ப் பேரனின் படத்தைத் தொட்டு வீடியோ கால் போட்டுவிடுவார்கள். எண்ணை அழுத்தி மின்வாரியத்துக்குப் பேசச் சொன்னால் முடியாது. அவர்களை எந்த நிலையில் போடுவது? இயலாமை கையிலா, கண்ணிலா, நினைவிலா, இல்லை அந்தத் திரையை வடிவமைத்தவரிடமா? முதியோர் மருத்துவமும் மனிதர்–கணினி ஊடாட்டமும் சந்திக்கிற இடம் இதுதான். அந்தப் பழைய அளவுகோலில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆண்களை மதிப்பிடும்போது சமையல், வீட்டுப் பராமரிப்பு, துவைத்தல் மூன்றையும் விட்டுவிட்டு ஐந்தை மட்டும் பார்ப்பது வழக்கமாக இருந்தது. வட்டிக் கணக்கை விரல் நுனியில் வைத்திருக்கிற ஆச்சிகளும், சமையல்காரர் வராத நாளில் தானே உலை வைக்கிற ஐயாக்களும் இருக்கிற ஊரில் இதைப் படித்தால் சிரிப்புத்தான் வரும்.

இன்னொன்று, 1991இல் போட்சியாட்லோ, ரிச்சர்ட்சன் இருவரும் வெளியிட்ட சோதனை. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழுகிற வாய்ப்பைக் கவனிக்க வேண்டும் என்பது இன்றைக்கு அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சொல்கிற கணக்கு. ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம், தரையில் ஒரு கோடு போதும். உலகம் முழுக்க பிசியோதெரபிஸ்டுகள் இதைச் செய்கிறார்கள். கண்டுபிடித்தவர்கள் யாரென்று அவர்களில் பெரும்பாலோர் யோசித்திருக்க மாட்டார்கள்.

அப்புறம், உங்கள் பீரோவுக்குள் கிடக்கிற பட்டன். இது உங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. கேம்பிரிட்ஜில் ஜேன் ஃபிளெமிங், கேரல் பிரெய்ன் இருவரும் 90 வயதைத் தாண்டிய 110 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2008இல் வெளியிட்டார்கள். 66 பேர் விழுந்திருந்தார்கள். அவர்களில் 53 பேருக்கு ஒரு தடவையாவது தானாக எழ முடியவில்லை. 20 பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையில் கிடந்திருக்கிறார்கள். நெடுநேரம் கிடந்தவர்களில் பெரும்பாலோருக்கு அவசர பட்டன் வசதி இருந்தும் அது பயன்படவில்லை. 'எனக்கு எதுக்கு இது' என்று நினைத்தவர்கள் ஒரு பக்கம். வாங்கியும் கழுத்தில் மாட்டிப் பழகாதவர்கள் இன்னொரு பக்கம். மாட்டியிருந்தும், விழுந்த பிறகு வேண்டாமென்றே அழுத்தாதவர்களும், அழுத்தப் பார்த்து முடியாமல் போனவர்களும் இருந்தார்கள்.

இந்தக் கட்டுரையால் புதுக் கருவி எதுவும் பிறக்கவில்லை. ஆனாலும் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வேலைகளில் இது ஒன்று. 'பட்டன் கொடுத்தாயிற்று, கவலை இல்லை' என்று கணக்கை முடிக்கிற வழியை அது அடைத்துவிட்டது. இங்கிலாந்து அரசு பின்னால் 2,600 பேரை வைத்து வீட்டுத் தொலைக்கண்காணிப்பைப் பெரிய அளவில் சோதித்தது. 2013இல் வந்த முடிவில், ஓராண்டில் மருத்துவமனைப் பயன்பாடு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. 'வேலை செய்யவில்லை' என்று அளந்து, துணிந்து எழுதுகிற ஆய்வாளர்கள் குறைவு. உங்கள் தங்கச்சியின் வழிகாட்டியின் பட்டியலில் அப்படி ஒரு கட்டுரை இருந்தால் என் மதிப்பெண்ணில் பாதி அதற்கே போய்விடும்.

உங்கள் வீட்டுப் பட்டனுக்கு வருவோம். விற்க வந்தவர் முகப்பில் நின்று அழுத்திக் காட்டியிருப்பார்; மணியும் அடித்திருக்கும். குளியலறை எங்கே இருக்கிறது? முற்றத்தைச் சுற்றியுள்ள வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டி, அடுப்படிக்கும் பின்னால். இரண்டடி கனச் சுவர்கள் இத்தனையைத் தாண்டி அந்தச் சின்ன ரேடியோ அலை வந்து சேருமா என்று கடைசிக் கட்டில் நின்று ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஈரத்தில் வழுக்கி விழுகிற ஆபத்து குளியலறையில் அதிகம். குளிக்கும்போது கழற்றி வைக்கிற வழக்கமும் சேர்ந்தால் பட்டன் இருந்தும் இல்லாத மாதிரிதான். குளியலறையில் தரை வரைக்கும் தொங்குகிற இழுப்புக் கயிறு ஒன்று போட்டு, மணியை முகப்பில் மாட்டினால் கம்பி வழியாகவே காரியம் நடக்கும். இதில் கணினி எதுவும் இல்லை என்பதால் யாருக்கும் பட்டம் கிடைக்காது, அவ்வளவுதான்.

கேமரா பற்றியும் நீங்கள் யோசித்திருப்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பிள்ளைகள் வளவில் கேமரா மாட்டினார்கள். வீட்டு ஆச்சி மறுநாளே அதன்மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டார்கள். "நான் தலை வாருறதை எல்லாம் மலேசியாவுல உட்கார்ந்து பார்க்கணுமா?" என்று கேட்டார்களாம். இதே கேள்வியை எலிசபெத் மைனட்டும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் எடுத்துக்கொண்டு, 2001இல் ஒரு விடை வைத்தார்கள். பிள்ளையின் வீட்டுச் சுவரில் அம்மாவின் படம். படத்தைச் சுற்றியுள்ள சட்டத்தில் வண்ணத்துப்பூச்சிகள். அம்மா தம் வீட்டில் எவ்வளவு நடமாடுகிறார் என்பதை உணரிகள் கணக்கெடுக்கும். அதற்கேற்ப அன்றைய பூச்சி பெரிதாகவோ சிறிதாகவோ தெரியும். முகமோ குரலோ போகாது. 'இன்றைக்கு வழக்கம்போல் இருக்கிறார்' என்பது மட்டும் போகும். பிறகு ஒரு குடும்பத்தில் ஓராண்டு காலம் அதை வைத்துப் பார்த்து 2005இல் எழுதினார்கள். ஒரு மணி நேரம் ஆய்வகத்துக்கு அழைத்து வந்து வடையும் காபியும் கொடுத்துக் கருத்துக் கேட்டு அனுப்புகிற ஆய்வுக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். ஒருவர் வீட்டில் ஓராண்டு இருந்த கருவியைப் பற்றித்தான் உருப்படியாக ஏதாவது சொல்ல முடியும். நம் வளவுச் சுவர்களில் வரிசையாகத் தொங்குகிற படங்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த யோசனை நமக்காகவே செய்தது போலத் தோன்றும்.

மேற்கோள் எண்ணிக்கையில் மலை என்றால் ஃபிரெட் டேவிஸ் 1989இல் எழுதியதுதான்: பயன் இருக்கிறது என்று தோன்ற வேண்டும், எளிது என்று தோன்ற வேண்டும், இந்த இரண்டும் இருந்தால் ஆள் தொழில்நுட்பத்தை ஏற்பார் என்பது அதன் சாரம். மூத்தோர் ஆய்வுகளில் பலர் இதையே ஒரு வினாத்தாளாக்கி, புள்ளிவிவரம் போட்டு முடித்துவிடுகிறார்கள். வழிகாட்டியின் மாணவர்கள் வரிசையாக அதைத்தான் செய்திருக்கிறார்கள் என்றால் கொஞ்சம் யோசிக்கலாம். சாரா சாஜா, வெண்டி ராஜர்ஸ் போன்றவர்கள் அமெரிக்காவில் செய்தது வேறு வகை: மங்குகிற கண், குறைகிற காது, மெதுவாகிற விரல் இவற்றை அளந்து, எழுத்து எவ்வளவு பெரிது, ஒலி எந்தச் சுருதி என்று வடிவமைப்பாளர் கையில் கொடுக்கிற வேலை. வயதாகும்போது முதலில் குறைவது உயர்ந்த சுருதி கேட்பதுதான். கீச்சென்று அலறுகிற கருவி பேரனுக்குக் கேட்கும், அப்பத்தாவுக்குக் கேட்காது.

இதற்கு எதிர்க்குரலும் உண்டு. ஜான் வைன்ஸும் சகாக்களும் 2015இல், மனிதர்–கணினி ஊடாட்டத் துறை முதுமையையே ஒரு நோய்போல, செலவுபோல, எல்லாரும் ஒரே மாதிரிபோலப் பேசுகிறது என்று கணினித் துறைக்குள்ளிருந்தே விமரிசித்தார்கள். நியாயமான விமரிசனம். தொண்ணூறு வயதில் கோயில் படைப்புக் கணக்கைப் பார்க்கிறவரையும் படுக்கையில் இருப்பவரையும் 'மூத்த பயனர்' என்று ஒரே பெட்டியில் போட்டால் இரண்டு பேருக்கும் பொருந்தாது.

நம் ஊரில் நான் கண்ணால் பார்த்த மாற்றம் ஒன்று உண்டு. மத்திய அரசு ஓய்வூதியக்காரர்களுக்கு நவம்பர் மாதம் வாழ்வுச் சான்று கொடுக்கிற மாதம். 2014இல் ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் வாழ்வுச் சான்று முறை வந்தபோது விரல்ரேகை வைக்கச் சொன்னார்கள். ஆயுசுக்கும் அம்மி அரைத்து, பாத்திரம் துலக்கிய கட்டைவிரலில் ரேகை எங்கே இருக்கும்? இ-சேவை மையத்தில் அப்படிப்பட்ட ஓர் அம்மாவின் விரலைத் துணியால் துடைப்பார்கள், நெற்றியில் தேய்க்கச் சொல்வார்கள், அப்புறம் மறுபடி வைக்கச் சொல்வார்கள், அடுத்த விரல், அதற்கடுத்த விரல் என்று போகும். இயந்திரம் 'பொருந்தவில்லை' என்றே சொல்லும். உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கிறார், உயிரோடு இருப்பதை நிரூபிக்க முடியவில்லை! 2021 நவம்பரில் முகத்தைக் காட்டிச் சான்று பெறுகிற வழி வந்தது. யாருடைய எச்-இன்டெக்ஸ் இதனால் ஏறியது என்று யாரும் கேட்கவில்லை.

மேற்கோள் கணக்கில் வராத இன்னொரு தாக்கம், ஆட்களை உருவாக்குவது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இல் முதியோருக்கென்று தனி வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் வி. எஸ். நடராஜன். நாட்டிலேயே முதலில் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு வந்ததும் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான். 2012இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் தமிழில் எழுதியவற்றைப் படித்து அம்மா அப்பாவைப் பார்த்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். அவை எந்த மேற்கோள் தரவுத்தளத்திலும் வராது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம், நாட்டின் சராசரி 8.6. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, பெரிய வீட்டில் ஒருவர் இருவர் மட்டும் இருக்கிற செட்டிநாட்டு ஊர்களைப் பார்க்கிறவர்களுக்கு இந்தச் சராசரிகளைவிட நிலைமை நன்றாகவே தெரியும்.

உங்கள் தங்கச்சி வழிகாட்டியை நேரில் பார்க்கும்போது மேற்கோள் பற்றிக் கேட்க வேண்டாம். "உங்கள் ஆய்வில் மூத்தவர்கள் எந்தக் கட்டத்தில் வந்தார்கள்? வடிவமைக்கும்போதா, கடைசியில் சோதிக்கும்போதா?" என்று கேட்கட்டும். "ஆய்வு முடிந்த பிறகு அந்தக் கருவி அவர்கள் வீட்டில் இருந்ததா, திரும்ப எடுத்துக்கொண்டீர்களா?" என்றும் கேட்கட்டும். பணம் முடிந்ததும் கருவியைக் கழற்றிக்கொண்டு போவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கிற காரியம். பழகிய பாட்டிக்குத்தான் நட்டம். முன்னாள் மாணவர்கள் இரண்டு பேரிடமாவது பேசிப் பார்ப்பதும் நல்லது. எண்கள் சுமாராக இருந்து இந்த விடைகள் நன்றாக இருந்தால் நான் அங்கேதான் சேரச் சொல்வேன்.

சேர்ந்துவிட்டால் ஆய்வுக்களத்துக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. அந்த 3 மீட்டர் நடைச் சோதனைக்கு ஏறத்தாழ 46 செ.மீ. உயரக் கைவைத்த நாற்காலி வேண்டும். நம் வீட்டு மூத்தவர்களோ தரையில் உட்கார்ந்து, தூணைப் பிடித்து எழுகிறவர்கள். ஒவ்வொரு கட்டுக்கும் உயரமான நிலைப்படி தாண்ட வேண்டும், வளவிலிருந்து முற்றத்துக்கு இறங்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் கண்ணாடிமேல் வார்த்துச் செய்வது. மழை நாளில் முற்றத்து ஈரம் பட்டால் வழுக்கும். பூ வேலைப்பாட்டில் பார்வை மங்கியவர்களுக்குத் தரை எங்கே முடிகிறது, படி எங்கே தொடங்குகிறது என்றும் தெரியாது. நாற்காலிச் சோதனையில் 11 வினாடியில் தேறுகிற அப்பத்தா, இந்த வீட்டில் அடுப்படிக்கும் முகப்புக்கும் நடுவே எங்கே தடுமாறுகிறார்கள் என்று அளப்பதற்கு இங்கே பொருந்துகிற அளவுகோல் வேண்டும். அதைச் செய்ய முதலாண்டில் காசு அதிகம் வேண்டாம்; ஊரில் நாலைந்து வீடுகளில் அனுமதி கேட்டு, ஒரு டேப்பும் கடிகாரமும் எடுத்துக்கொண்டு போனால் போதும். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை மட்டும் முன்கூட்டியே வாங்கிவிடச் சொல்லுங்கள், அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.